ரசாயன விவசாயத்திலிருந்து இயற்கை விவசாயத்துக்கு: முதல் மூன்று ஆண்டுகளைத் தாண்டுவது எப்படி?

2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை நிறுத்தியது. நாடு முழுவதும் ஒரே பருவத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாற வேண்டும் என்பது திட்டம். நெல், தேயிலை என்று வரிசையாக அடி விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. சிக்கிம் மாநிலமோ இந்த முடிவை 2003-ல் எடுத்தது. முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது 2016 ஜனவரியில். அதுவும் முன்பிருந்தே ரசாயன உரம் அதிகம் போகாத மலை நிலம். ஏழு மாதம் ஒரு பக்கம், பதின்மூன்று ஆண்டு இன்னொரு பக்கம்.

தனி விவசாயிக்கும் கணக்கு இதேதான். இயற்கை விவசாயம் சரியா தவறா என்பது வேறு விவாதம். எந்த வேகத்தில், எந்த வரிசையில் மாறுகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். யூரியா மூட்டையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ஒரு 'உயிர் உரம்' பாட்டிலை வைத்தால் மாறிவிட்டோம் என்று நினைப்பது முதல் தவறு. விவரம் பின்னால் வருகிறது.

படி 1: எதையும் ஒரேயடியாக நிறுத்தாமல் ஓர் ஆண்டு தயாராகுங்கள்

இந்த ஆண்டை நான் பூஜ்ய ஆண்டு என்பேன். பெரும்பாலானோர் தாண்டிக் குதிப்பது இதைத்தான்.

முதலில் மண் பரிசோதனை. ஒரே இடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போனால் பயனில்லை. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 முதல் 20 இடங்களில், மேல் குப்பையை விலக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவக் குழி எடுத்து அதன் பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, மீண்டும் கலந்து பிரித்து அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். முடிவில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கரிமச்சத்து (அங்ககக் கரிமம்). 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் மண் பசியோடு இருக்கிறது, 0.75-க்கு மேல் என்றால் மாற்றம் கொஞ்சம் சுலபம். அடுத்து கார அமில நிலை. மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்) இடும் பாறை பாஸ்பேட் வேலை செய்யுமா என்பது அதைப் பொறுத்தது.

ஆய்வகம் சொல்லாத சிலவற்றை மண்வெட்டி சொல்லும். ஈரம் இருக்கும்போது ஓர் அடி நீள, அகல, ஆழத்துக்கு ஒரு கட்டி வெட்டியெடுத்து மண்புழுக்களை எண்ணுங்கள். வேர்கள் நேராக இறங்குகின்றனவா, ஒரு ஆழத்தில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். மடங்கினால் கீழே உழவுக் கடினத்தட்டு, அதாவது வேர் துளைக்க முடியாத இறுகிய மண் அடுக்கு, இருக்கிறது. அப்புறம் காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். ஒரு நிமிடத்தில் கரைந்து சேறானால் மண்ணைப் பிடித்துவைக்கும் உயிர்ப்பசை இல்லை. இந்த மூன்றையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு கழித்து உங்களுக்கு ஆறுதல் தரப்போவது இந்தப் பக்கம்தான்.

அதே ஆண்டில் மருந்துகளை ஒழுங்கான வரிசையில் குறையுங்கள். முதலில் களைக்கொல்லி. அடுத்து, வந்தாலும் வராவிட்டாலும் நாள் குறித்து அடிக்கும் பூச்சிமருந்து. தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தைக் கடைசியாக, படிப்படியாக. ஏன் இந்த வரிசை? களைக்கொல்லி இல்லாமல் களையைச் சமாளிக்கப் பழகுவதற்குக் காலம் வேண்டும். நன்மை செய்யும் பூச்சிகள் திரும்பி வரவும் காலம் வேண்டும். அவை தயாராகும் முன்பே உரத்தையும் நிறுத்தினால் மூன்று பிரச்சினையும் ஒரே பருவத்தில் தலையில் விழும்.

படி 2: எவ்வளவு நிலம்?

மொத்த நிலத்தில் நாலில் ஒரு பங்கு. என் கருத்து இது. வேறு வருமானம் இருப்பவர் கூடுதலாக எடுக்கலாம். கடனில் இருப்பவர் அதற்கும் குறைவாகத் தொடங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்தத் துண்டு என்பது முக்கியம். விளையாத கடைசி மூலையை 'சோதனைக்கு' ஒதுக்குகிறவர்கள் உண்டு. அங்கே எதுவும் விளையாது, பழி இயற்கை விவசாயத்தின் மேல் விழும். உங்களிடம் இருப்பதில் ஓரளவு நல்ல மண், கண் பார்வையில் இருக்கும் இடம், பக்கத்து வயல் தண்ணீர் வழிந்து வராத மேடு, இவற்றைத் தேர்ந்தெடுங்கள். அக்கம்பக்கத்தில் மருந்து அடிக்கிறார்கள் என்றால் எல்லையில் உயரமான உயிர்வேலியும், விளைச்சலை இயற்கைப் பொருளாக விற்காத சில மீட்டர் அகல ஓரமும் தேவைப்படும். மருந்தடிக்கும் நாளை அண்டை விவசாயியிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பதும் நல்லது. சண்டையை விட இது மலிவு.

இன்னொரு சிக்கல்: பாதி நிலம் இயற்கை முறை, பாதி நிலம் பழைய முறை என்றால், இரண்டிலும் ஒரே பயிரின் ஒரே ரகத்தைப் பயிரிடுவதைப் பல சான்றிதழ் விதிகள் ஏற்பதில்லை. அறுவடைக்குப் பிறகு எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது அல்லவா? அதனால் ரகத்தையாவது மாற்றிப் போடுங்கள். தெளிப்பான், சாக்கு, களம் எல்லாம் தனித்தனி.

படி 3: தழைச்சத்துக் கணக்கு

இதில்தான் பெரும்பாலான மாற்றங்கள் தோற்கின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 20 கிலோ. நன்கு மட்கிய தொழுவுரத்தில் அரை சதவீதம், அதாவது டன்னுக்கு 5 கிலோ. ஒரு மூட்டை யூரியாவுக்கு நான்கு டன் எரு என்று ஆகிறது. ஆனால் எருவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல வரும். ஆக, முதல் பருவத்தில் ஒரு மூட்டையை ஈடுகட்ட பன்னிரண்டு டன். ஏக்கருக்கு 2 டன் தானியம் விளைந்தால் சுமார் 40 கிலோ தழைச்சத்து பயிருக்குள் போகும். வெறும் எருவை மட்டும் நம்பினால் எத்தனை வண்டி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அப்படியானால் தழைச்சத்து எங்கிருந்து வரும்? காற்றிலிருந்து. பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். சணப்பு, தக்கைப்பூண்டு போன்றவற்றை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 முதல் 50 நாளில், பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால் 8 முதல் 10 டன் பசுந்தழையும் அதன் வழியாக 25 முதல் 35 கிலோ தழைச்சத்தும் மண்ணுக்குக் கிடைக்கும். பூ முற்றிக் காய் வைக்கும்வரை விட்டால் தண்டு நார் பாய்ந்துவிடும். அதை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். மடக்கி உழுத பிறகு மானாவாரிப் பயிருக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை. அந்த நிலத்தில் பயறு புதிது என்றால் விதையை ரைசோபியத்தில் நேர்த்தி செய்து விதையுங்கள். மண்ணில் ஏற்கெனவே யூரியா மிச்சம் நிறைய இருந்தால் செடி முடிச்சு போடச் சோம்பும். கேட்காமலே சாப்பாடு கிடைத்தால் யார் சமைப்பார்கள்?

மணிச்சத்து வேறு கதை. பல ஆண்டு ரசாயனக் கூட்டு உரம் (காம்ப்ளக்ஸ்) போட்ட நிலத்தில் அது மண்ணோடு கட்டுண்டு ஏராளமாகக் கிடக்கும். அதை விடுவிக்கக் கரிமச்சத்தும் நுண்ணுயிரும் போதும், புதிதாகக் கொட்டத் தேவையிருக்காது. குறைபாடு உண்மையாகவே இருந்தால் பாறை பாஸ்பேட் அமில மண்ணில் மட்டும் உருப்படியாகக் கரையும். கார மண்ணில் அது கல்லாகவே இருக்கும்.

சரி, சாணம், கோமியம் சேர்த்துப் புளிக்கவைக்கும் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் எல்லாம்? தயாரிக்கலாம், பயன்படுத்தலாம். ஆனால் அவற்றில் இருக்கும் சத்தின் அளவு மிகக் குறைவு. சாப்பாட்டுக்குப் பதில் ரசம் மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போக முடியாது. கரிமச்சத்து ஏறிய மண்ணில் அவை துணை. வெறும் மண்ணில் அவற்றால் மட்டும் விளைச்சல் நிற்காது. கடையில் விற்கும் பாட்டில்களுக்கும் இதுவே பொருந்தும்.

படி 4: மட்கு உரம் தயாரித்தல்

பச்சைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த கழிவு இரண்டு மூன்று பங்கு என்ற கைக்கணக்கு போதும். வேதியியல் மொழியில், கார்பன் நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30-க்கு 1. குவியல் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூடு நிற்காது. கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் அளவு ஈரம். குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். அமெரிக்க இயற்கை வேளாண் விதியில், நீளக் குவியல் முறைக்கு 55 டிகிரிக்கு மேல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை கிளறல் என்று இருக்கிறது. விதிக்காக இல்லாவிட்டாலும் நல்ல அளவுகோல் இது.

வெளியிலிருந்து எருவோ வைக்கோலோ வாங்குகிறீர்களா? ஒரு எச்சரிக்கை. அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் மேய்ச்சல் புல்லில் தெளிக்கப்பட்டால், மாட்டின் வயிற்றைத் தாண்டி, சாணத்தில் தங்கி, மட்கிய பிறகும் உயிரோடு இருக்கும். அந்த எருவைப் போட்ட நிலத்தில் தக்காளியும் அவரையும் இலை சுருண்டு நிற்கும். வாங்கிய எருவை மண்ணோடு கலந்து மூன்று தொட்டியிலும், வெறும் மண்ணை மூன்று தொட்டியிலும் நிரப்பி அவரை விதை போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பதில் தெரிந்துவிடும். ஆறு தொட்டி, ஒரு பிடி விதை. பல ஆண்டுத் தலைவலியை இது தடுக்கும்.

படி 5: களை

இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்களைத் திரும்ப ஓடவைப்பது பூச்சியல்ல, களைதான். ஆள் கூலி கையைக் கடிக்கும் இடம் இது.

விதைப்பதற்கு முன்பே பாதிப் போரை முடித்துவிடலாம். நிலத்தை விதைப்புக்குத் தயார்செய்து, தண்ணீர் கட்டி, பத்து பதினைந்து நாள் சும்மா விடுங்கள். மேல் மண்ணில் கிடக்கும் களை விதைகள் முளைக்கும். அவற்றை மிக மேலோட்டமாக, ஓரிரு அங்குலம் மட்டும் சுரண்டி அழித்துவிட்டு விதையுங்கள். ஆழமாக உழுதால் அடியில் தூங்கும் விதைகள் மேலே வந்துவிடும், வேலை வீண். முடிந்தால் இரண்டு முறை செய்யலாம்.

பயிரின் வாழ்நாளில் முதல் மூன்றில் ஒரு பங்கு காலம் களை இல்லாமல் வைத்தால் போதும். அதன் பின் வரும் களை விளைச்சலைப் பெரிதாகப் பாதிக்காது, ஆனால் விதை விழவிடக் கூடாது. வரிசை விதைப்புக்கு மாறுங்கள், அப்போதுதான் களைக்கருவி ஓட்ட முடியும். வரிசைக்கு இடையே வைக்கோல், இலைதழை போட்டு மண்ணை மூடும் மூடாக்கு. கோரையும் அறுகும் இருந்தால் வெட்டுவது பலனில்லை; வெட்ட வெட்டத் துண்டுகள் பெருகும். கோடையில் உழுது கிழங்கையும் வேர்த்தண்டையும் வெயிலில் காயவிட்டு, அடுத்து நெருக்கமாக வளரும் மூடுபயிரைப் போட்டு நிழலில் அமுக்க வேண்டும். இரண்டு ஆண்டாகும்.

படி 6: பயிர் சுழற்சி

தானியத்துக்குப் பின் பயறு, ஆழ்வேர்ப் பயிருக்குப் பின் மேல்வேர்ப் பயிர், ஒரே குடும்பத்துப் பயிர் அடுத்தடுத்து வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்றத்தின் முதல் ஆண்டில் தழைச்சத்தை அதிகம் கேட்கும் பயிரைப் போடாதீர்கள். பசுந்தாள் உரம், அடுத்து பயறு, அதற்கடுத்துத்தான் தானியம் அல்லது காய்கறி. நிலம் எந்தப் பருவத்திலும் மொட்டையாகக் கிடக்கக் கூடாது.

படி 7: பூச்சியும் நோயும்

முதல் ஆண்டு பூச்சி குறைவாக இருந்து, இரண்டாம் ஆண்டில் திடீரென்று எகிறுவது உண்டு. பயிரைத் தின்னும் பூச்சி வேகமாகப் பெருகும்; அதைத் தின்னும் பொறிவண்டு, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் மெதுவாகத்தான் குடியேறும். இந்த இடைவெளியில் பயந்து மருந்து அடித்தால் சாவது பெரும்பாலும் பின்னவைதான், சான்றிதழுக்கான காலக்கணக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வரப்பில் பூக்கும் செடிகள் வைத்தால் குளவிக்குத் தேன் கிடைக்கும். முட்டைப் பருவத்திலேயே தடுக்க, பூச்சி முட்டைக்குள் வளரும் டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவியின் ஒட்டுண்ணி அட்டைகள் உண்டு.

அவசரத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: ஐந்து சதவீதக் கரைசலுக்கு, 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும், அதனால்தான் மாலை. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா புழுக்களைக் கொல்லும், ஆனால் புழு சிறிதாக இருக்கும்போதுதான். விரல் நீளம் வளர்ந்த பிறகு அடித்துவிட்டு 'மருந்து சரியில்லை' என்று சொல்லிப் பயனில்லை.

'இயற்கை' என்றாலே தீங்கில்லை என்பதும் இல்லை. இயற்கை வேளாண்மையில் பூஞ்சைக்கு அனுமதிக்கப்பட்ட தாமிரக் கலவைகள் மண்ணில் சேர்ந்து மண்புழுவைப் பாதிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

படி 8: சான்றிதழும் கணக்கேடும்

தடைசெய்யப்பட்ட பொருளைக் கடைசியாகப் போட்ட தேதியை அன்றே எழுதி வையுங்கள். கால அளவு விதிக்கு விதி மாறும். அமெரிக்காவில் அறுவடைக்கு முந்தைய 36 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்திலும் பொதுவாக ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டு. விதை, இடுபொருள் ரசீது, தெளித்த நாள், அறுவடை எடை எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். ரசாயனப் பூச்சு பூசிய விதையை வாங்கிவிடாதீர்கள். நிறமேற்றிய விதையைப் பார்த்ததும் சந்தேகப்படுங்கள். உள்ளூரிலேயே விற்பவருக்கு, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டுச் சான்று தரும் பங்கேற்பு உத்தரவாத முறை செலவு குறைந்தது. ஏற்றுமதிக்குப் பெரும்பாலும் அது செல்லாது.

படி 9: பணத்தைப் பற்றி மறைக்காமல்

ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே 1978 முதல் இயற்கை முறை, ரசாயன முறை இரண்டையும் அருகருகே வைத்து ஒரு சோதனை நடந்துவருகிறது. அதன் 21 ஆண்டுத் தரவின்படி இயற்கை முறை விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு. உரச் சத்து 34 முதல் 53 சதவீதமும் பூச்சிக்கொல்லி 97 சதவீதமும் குறைவு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரோடேல் நிறுவனம் 1981-ல் தொடங்கிய சோதனையில், இயற்கை முறை மக்காச்சோளம் முதல் சில ஆண்டுகள் பின்தங்கியே இருந்து, மண் தேறிய பிறகு மற்றதை எட்டிப்பிடித்தது. எனவே திட்டமிடும்போது முதல் இரண்டு ஆண்டுக்கு விளைச்சலில் கால் பங்கு குறையும், கூலிச் செலவு ஏறும், விலை மட்டும் பழைய விலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வரும்வரை கூடுதல் விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாற்றுக்காலப் பொருள் (இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலத்தில் விளைந்தது) என்று சொல்லி நேரடியாக வாங்கும் சில குடும்பங்களை முதல் ஆண்டிலேயே பிடித்துவைப்பது உதவும்.

இரண்டாம் ஆண்டின் நடுவில்தான் கைவிடத் தோன்றும். களை உச்சத்தில் இருக்கும், பழைய உர மிச்சம் தீர்ந்திருக்கும், மண் இன்னும் முழுதாகத் தேறியிருக்காது. அந்த நேரத்தில் நிலத்தின் ஒரு பகுதிக்குக் கூடுதலாக ஒரு பசுந்தாள் பருவம் கொடுத்துவிட்டு விற்பனைப் பயிரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவ வருமானம் போகும், ஆனால் மூன்றாம் ஆண்டுப் பயிர் அதில் நிற்கும்.

மூன்றாம் ஆண்டு முடிவில், பூஜ்ய ஆண்டில் எழுதிய பக்கத்தை எடுத்து, அதே மாதத்தில், அதே இடங்களில் மண் எடுங்கள். கரிமச்சத்து 0.1 அல்லது 0.2 ஏறியிருந்தாலே நல்ல செய்தி. அது அவ்வளவு மெதுவாகத்தான் ஏறும். டம்ளர் தண்ணீரில் போட்ட கட்டி கரையாமல் நின்றால், மண்வெட்டியில் புழு கூடியிருந்தால், அடுத்த கால் பங்கு நிலத்துக்குப் பசுந்தாள் விதை வாங்கலாம்.